ஆறு கிழமைப் பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி? யாழ்ப்பாணத்துப் பிசியோதெரபி மாணவி ஒருவருக்கு ஒரு பதில்

தங்கச்சி,

உம்மட கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்க ஒருக்கால் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தெற்கில் பிசியோதெரபி படிக்கிறீர், இறுதியாண்டு. கட்டாயப் பயிற்சிகள் முடிந்துவிட்டன. இனி ஆறு கிழமைக்கு நீரே இடம் தெரிவுசெய்யலாம் என்று விட்டிருக்கிறார்கள். கைவசம் மூன்று யோசனை: கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு, ஊரோடு வந்து யாழ் போதனா வைத்தியசாலை அல்லது அதைச் சுற்றியுள்ள ஆதார வைத்தியசாலைகளில் ஒன்று, இல்லாவிட்டால் சிநேகிதி சொல்லுகிற தனியார் விளையாட்டுக் காயக் கிளினிக். அம்மா ஊருக்கு வரச் சொல்லுகிறா, வகுப்பில் எல்லாரும் கொழும்பு என்கிறார்கள், "எதை எடுத்தால் பிறகு கவலைப்படமாட்டன், அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்.

நான் இந்த வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருசம். மாணவர்களை என்னோடு வைத்துப் பழக்கத் தொடங்கி ஒரு பதின்மூன்று வருசம் இருக்கும். அதை வைத்துச் சொல்லுகிறேன்: ஒரே நோயாளியை முதல் கிழமையும் பார்த்து ஆறாம் கிழமையும் பார்க்கக் கிடைக்கிற இடம் எதுவோ, அங்கே போம். ஆஸ்பத்திரியின் பெயர், கட்டடம், மெஷின், வீட்டுக்குக் கிட்டவா தூரவா எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் அப்படிச் சொல்லுகிறேன் என்றால், எங்கட வேலை மாற்றத்தைக் கவனிக்கிற வேலை. சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு மணித்தியாலத்தில் செய்ததன் பலனை அன்றைக்கே பார்க்கலாம். நாங்கள் இன்றைக்குக் கொடுத்த பயிற்சி சரியா பிழையா என்று மூன்று கிழமை கழித்து அந்தத் தசைதான் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்க நீர் அங்கே இல்லாவிட்டால், நீர் கொடுத்தது ஊகம் மட்டும்தான். நூறு நோயாளியை ஒவ்வொரு தரம் பார்த்த பிள்ளை நூறு ஊகத்தோடு வெளியே வரும்.

நான் படிக்கிற காலத்தில் இது எனக்கு விளங்கவில்லை. தெற்கில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், எலும்பியல் வாட்டில் நாலு கிழமை நின்றேன். காலமை ஏழரைக்கு வாட் றவுண்ட், அதன்பின் இருபத்தைந்து முப்பது கட்டில். கணுக்காலை அசையுங்கோ, முழங்காலை இறுக்குங்கோ, எழும்பி நில்லுங்கோ, அடுத்த கட்டில். முழங்கால் மாற்றுச் சிகிச்சை செய்த ஒரு அம்மா இருந்தா. இரண்டாம் நாள் அவவின் முழங்காலை நான் 60 பாகை மடக்கினேன், மூன்றாம் நாள் 70. மேற்பார்வையாளர் "நல்லம்" என்றார். நாலாம் நாள் போனால் கட்டிலில் வேறு ஆள். அந்த அம்மாவின் வீட்டில் குந்துகிற கக்கூசா, கொமட்டா என்று நான் கேட்கவே இல்லை. கதிரையில் இருந்து எழும்ப 90 பாகைக்குக் கொஞ்சம் மேலே மடிந்தால் போதும். குந்தி எழும்புவதென்றால் 120-க்கும் மேலே வேண்டும், அதுவும் மாற்றிய மூட்டுக்கு அது நல்லதா என்பது வேறு கதை. நான் 70 என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அந்த முழங்கால் பிறகு எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நாலு கிழமையில் நான் எழுதிய அத்தனை பேரும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு வடமராட்சிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. ஒரு அறை, இரண்டு கட்டில், ஒரு சமாந்தரக் கம்பி, சுவரில் ஒரு கப்பி. பனையால் விழுந்த ஒரு சீவல் தொழிலாளி வருவார், 44 வயது. நாரியின் முதலாவது முள்ளென்பு, எல்1, நொறுங்கி, கொழும்பில் சத்திரசிகிச்சை முடிந்து ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். வலது பாதம் தொங்கிப்போய் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் கிளினிக். அவரை எனக்கே தந்துவிட்டார்கள்.

முதல் செவ்வாய், பக்கவாட்டில் படுக்கவைத்து, புவியீர்ப்பு தடுக்காதபடி வைத்தால் மட்டும் பாதம் மேலே வந்தது. தசைப் பலத்தை 0 முதல் 5 வரை அளக்கிறதில் அது தரம் 2. அவர் தன் பாதத்தைப் பார்க்கவே இல்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளை, நான் திரும்ப ஏறலாமோ?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. என் மேற்பார்வையாளர் அம்மா பக்கத்தில் இருந்து, "ஐயா, முதல்ல நாங்கள் கிணத்தடிக்குப் போவம்" என்றா. அதன்பின் என் கைக்கு மேலே தன் கையை வைத்து, குதிக்காலை நான் பிடித்திருந்த இறுக்கத்தைத் தளர்த்திவிட்டா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் நான் பிடிக்கிற பிடியே அவருடைய தசையின் வேலையைச் செய்துகொண்டிருந்தது என்று விளங்கியது.

நாலாவது செவ்வாய், கதிரையில் இருந்தபடி பாதத்தைத் தானாகத் தூக்கினார். தரம் 3. ஐந்தாம் கிழமை ஊன்றுகோலோடு சீமெந்துத் தரையில் வடிவாக நடந்தார். நான் பெருமையாகக் குறிப்பு எழுதினேன். அடுத்த முறை வந்தவர் வீட்டு முற்றத்தில் விழுந்துவிட்டேன் என்றார். அவருடைய வீடு வடமராட்சி கிழக்கில், மணலில். ஊன்றுகோலின் நுனி புதைந்துபோகிறது. மேற்பார்வையாளர் அம்மா ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் வெளியே வேப்பமரத்தடி மணலுக்கு அனுப்பினா. மிச்சக் கிளினிக் எல்லாம் அங்கேதான். அவர் ஐந்தாம் கிழமையோடு விடைபெற்றுப் போயிருந்தால், சீமெந்தில் நடக்கவைத்த கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டே நான் படிப்பை முடித்திருப்பேன்.

சரி, இனி உம்மட மூன்று யோசனைக்கும் வருவோம்.

கொழும்புத் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். சளி எடுத்தல், சுவாசக் கருவியில் உள்ளவரைப் புரட்டி வைத்தல், நேரத்தோடே கட்டிலில் இருத்தி எழுப்புதல், இதெல்லாம் கண்ணால் பார்த்துக் கையால் செய்யவேண்டியவை. ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளும்: நோயாளி அங்கிருந்து சாதாரண வாட்டுக்கு மாறும்போது நீரும் அவரோடு போகலாமா? விடுவார்கள் என்றால், தயங்காமல் எடும். சுவாசக் குழாய் எடுத்த அன்றைக்குக் கைவிரலைக்கூடத் தூக்க ஏலாத ஒருவர் பத்து நாளில் கக்கூசுக்கு நடந்துபோவதைப் பார்த்தால், தீவிர சிகிச்சையில் நாங்கள் ஏன் நிற்கிறோம் என்பது விளங்கும். "இல்லை, மாணவர்கள் ஐசியூவோடு சரி" என்றால், ஆறு கிழமையும் மொனிற்றரின் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்.

கொழும்புப் பக்கம்தான் வேண்டுமென்றால், நீர் கேட்காத ஒரு இடத்தை நான் சொல்லுகிறேன்: றாகமையில் இருக்கிற வாத நோய் மற்றும் புனர்வாழ்வு வைத்தியசாலை. முள்ளந்தண்டு அடிபட்டவர்கள், பாரிசவாதம் வந்தவர்கள் கிழமைக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் அங்கே தங்குவார்கள். நான் சொல்லுகிற தொடர்ச்சிக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாண ரயில் றாகமையைத் தாண்டித்தான் கொழும்புக்குப் போகிறது. கண்டிப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் திகனை புனர்வாழ்வு வைத்தியசாலை உண்டு. இந்த இரண்டு பெயரையும் மாணவர்கள் ஏன் முதலில் சொல்லுவதில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அங்கே வேலை மெதுவாக நடக்கிறது, அதுதான் காரணம் போல.

தனியார் விளையாட்டுக் கிளினிக்குக்கு நான் இந்தமுறை வேண்டாம் என்பேன். விளையாட்டுக் காயம் சின்ன விசயம் என்பதற்காக அல்ல. வருசா வருசம் மார்ச்சில் யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் ஆடுகிற வடக்கின் பெரும் போர் கிரிக்கெட் ஆட்டம் கிட்ட வர, நாரி நோவோடு வேகப் பந்துவீச்சுப் பெடியன் ஒருவனாவது வருவான். பதினேழு வயசு, ஒரு பக்கம் மட்டும் நோ, பின்பக்கம் வளைந்தால் கூடும். அது தசைப்பிடிப்பு அல்ல, முள்ளென்பில் விழுந்த அழுத்த வெடிப்பாக இருக்கலாம் என்று சந்தேகப்படவேண்டும். படம் எடுக்க அனுப்பவேண்டும். மாதக்கணக்கில் பந்து போடாதே என்று அவனுக்கும் தகப்பனுக்கும் கோச்சுக்கும் சொல்லவேண்டும். அந்தப் பொறுப்பை ஒரு மாணவியின் கையில் எந்தத் தனியார் கிளினிக்கும் தராது, தரவும் கூடாது. காசு கட்டி வருகிறவர் பெரியவரின் கையைத்தான் எதிர்பார்ப்பார். ஆகவே உமக்கு மிஞ்சுவது நோவைக் குறைக்க மின்சாரம் கொடுக்கிற டென்ஸ் மெஷினைப் பூட்டி, மணி அடிக்க நிற்பாட்டுவதுதான். வேலைக்கு வந்த பிறகு அதைப் படிக்க நிறைய வழி இருக்கிறது.

அப்ப ஊர். போதனா வைத்தியசாலையா, ஆதார வைத்தியசாலையா?

எங்கட சனம் இன்றைக்கும் பெரியாஸ்பத்திரி என்று சொல்லுகிற போதனா வைத்தியசாலைக்கு வடக்கு முழுவதிலும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். தலைக்காயம், பாரிசவாதம், எலும்பு முறிவு, எரிகாயம், பிறந்த குழந்தை, எல்லாம் ஒரே மதிலுக்குள். முன்பு செய்த பயிற்சிகளில் உமக்கு ஏதாவது விடுபட்டிருந்தால் அங்கே அது கிடைக்கும். ஆனால் வாட்டில் கட்டிலுக்கு நெருக்கடி. ஆட்களைக் கெதியாக வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டும். ஆகவே அங்கே போனால் வாட்டைவிட வெளிநோயாளர் பிசியோதெரபிக் கிளினிக்கைக் கேளும். குழந்தைகளின் வளைபாதத்துக்குப் பொன்செற்றி முறையில் பிளாஸ்ரர் போடுகிற கிளினிக் எந்த ஆஸ்பத்திரியில் நடந்தாலும் அதைத் தவறவிடாதேயும். கிழமைக்கு ஒரு பிளாஸ்ரர், பெரும்பாலும் ஐந்தாறு பிளாஸ்ரர். உமக்குக் கிடைத்திருப்பதும் ஆறு கிழமை! உள்ளங்கை நீளமே இல்லாத ஒரு பாதம் உள்பக்கம் திரும்பியிருந்ததில் இருந்து நேரே வருகிற வரை முழுக்கப் பார்க்கலாம். அதற்குப் பிறகு குதி நாணைச் சின்னதாக வெட்டவேண்டி வரலாம், மூன்று மாதம் பாதத்தைத் திருப்பிப் பிடித்துவைக்கிற சப்பாத்துக் கட்டையை நாளுக்கு 23 மணித்தியாலம் போடவேண்டும், பிறகு நாலு வயதுவரை இராத்திரியில் போடவேண்டும். பிள்ளை அழுகிறதென்று அம்மாமார் அந்தச் சப்பாத்தைக் கழற்றிவிடுவார்கள். பாதம் திரும்பவும் வளைவது பெரும்பாலும் அங்கேதான். அந்த அம்மாவோடு எப்படிக் கதைக்கவேண்டும் என்பதுதான் அந்தக் கிளினிக்கில் படிக்கவேண்டிய பெரிய பாடம்.

மந்திகையில் இருக்கிற பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை, சாவகச்சேரி, தெல்லிப்பழை, ஊர்காவற்றுறை என்று மற்ற ஆதார வைத்தியசாலைகளில் வகை குறைவு, தொடர்ச்சி கூட. தெல்லிப்பழையைத் தனியே சொல்லவேண்டும். அங்கே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. 2011-இல் அதற்காகத் தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்து காசு சேர்த்த ட்ரெயில் நடைபயணம் உமக்கும் ஞாபகம் இருக்கும், நீர் அப்போது சின்னப்பிள்ளை. மார்பகச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு தோள் இறுகுவதும் கை வீங்குவதும் எங்கட வேலை. தோளுக்கு மேலே கை போகாவிட்டால் கதிர்ச் சிகிச்சைக்குக் கையைத் தூக்கி வைத்துப் படுக்கவே ஏலாது. இதைத் தானாகக் கேட்டுப் போன மாணவி இத்தனை வருசத்தில் ஒரேயொருத்தியைத்தான் கண்டிருக்கிறேன்.

கால் இழந்தவர்களோடு வேலைசெய்ய விருப்பமென்றால் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது. செல் பட்டும் மிதிவெடியாலும் கால் போனவர்கள் இப்போது வயதாகி, பழைய செயற்கைக் காலை மாற்ற வருகிறார்கள். புதிதாக வருகிறவர்களில் நீரிழிவுக்காரர் பலர். முழங்காலுக்குக் கீழே எடுத்தவருக்கு வீட்டில் அன்பாகத் தலையணை வைத்துக் காலைத் தூக்கி வைத்திருப்பார்கள். முழங்கால் மடிந்தபடியே இறுகிப்போகும், பிறகு கால் பூட்ட ஏலாது. "தலையணையை எடுங்கோ" என்று ஒரு வசனத்தை முதல் கிழமையில் சொல்லியிருந்தால் தப்பியிருக்கும் என்று அங்கே பலமுறை தோன்றும்.

தமிழைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் ஊருக்கு வருவதற்கு நான் காணுகிற உண்மையான காரணம் அம்மாவின் சாப்பாடு அல்ல, மொழி. நீர் இங்கிலீசில் படித்தீர். வாட்டில் சிங்களத்தில் பழகியிருப்பீர். "ஹுஸ்ம கன்ன" (மூச்சு எடுங்கோ), "ஹெமின்" (மெதுவாக), "ரிதெனவத" (நோகுதா) எல்லாம் இப்போது வாயில் தானாக வரும், அது நல்லது, அதை விடவேண்டாம். ஆனால் நோவைத் தமிழில் விசாரிக்க உமக்குப் பழக்கம் இருக்காது. எங்கட ஆட்கள் நாரி நோகுது என்பார்கள், கால் உளையுது என்பார்கள், எரியுது, குத்துது, கொழுவிப் பிடிக்குது என்பார்கள். ஒவ்வொன்றும் வேறு. முக்கியமாக "விறைக்குது". புத்தகத் தமிழில் விறைப்பு என்றால் இறுக்கம் என்று எழுதிவிடுவீர். யாழ்ப்பாணத்து ஆச்சி கால் விறைக்குது என்றால் உணர்வு இல்லை என்று அர்த்தம். பல்லுப் பிடுங்க முதல் போடுவது விறைப்பூசி அல்லவா? நாரி நோவோடு வந்தவர் "பின்பக்கமும் விறைச்சுப்போச்சு, மூத்திரம் போறதும் தெரியேல்லை" என்றால், அது பயிற்சி கொடுக்கிற நேரம் அல்ல, உடனே வைத்தியரிடம் அனுப்புகிற நேரம். அதை இறுக்கம் என்று குறிப்பெழுதி, இடுப்பை நீட்டிவிட்டு அனுப்பினால் அந்த ஆளுக்கு வாழ்நாள் பாதிப்பு.

மானிப்பாயில் 1848-இல் மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கிய, அமெரிக்க மிசனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் பிறகு தமிழிலேயே படிப்பித்தார், அதற்காகச் சொல் தேடித்தேடிச் சேர்த்தார். நாங்கள் அந்த மண்ணில் பிறந்துவிட்டு, ஒரு ஐயாவுக்கு நரம்பு எப்படி அழுத்துப்படுகிறது என்று தமிழில் சொல்லத் தடுமாறுகிறோம். எனக்கு இது மனத்தில் இருக்கிற குறை.

நோவுக்கு 0 முதல் 10 வரை இலக்கம் கேட்டாலும் எங்கட முதியவர்கள் "அது இருக்குது பிள்ளை" என்றுதான் சொல்லுவார்கள். "நேற்று எத்தனை வாளி தண்ணி அள்ளினீங்கள்? போன கிழமை எத்தனை?" என்று கேட்டுப்பாரும். அது இலக்கம்தான், அவருடைய இலக்கம்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் மருந்துப் புக்கை கட்டிவிட்டு, ஆறு கிழமை கழித்து மடக்க ஏலாத முழங்கையோடு வருகிறவர்களையும் இங்கேதான் பார்ப்பீர். ஏச வேண்டாம். ஏசினால் திரும்பி வரமாட்டார், நீர் ஒன்றும் படிக்கவும் மாட்டீர். அதைவிட, கெதியாக நிமிர்த்திக் காட்டவேண்டும் என்று பலாத்காரமாக இழுக்கவும் வேண்டாம். இழுத்த முழங்கையில் தசைக்குள் எலும்பு வளர்ந்து நிரந்தரமாகப் பூட்டிவிடலாம். அவர் தானாக அசைக்கட்டும்.

ஊரில் பயிற்சி எடுப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். வாட்டில் படுத்திருப்பவர் உம்மட பக்கத்து வீட்டு மாமாவாக இருப்பார். நான் வேலைக்கு வந்த முதல் வருசம், ஊரவர் ஒருவருக்குப் பாரிசவாதம் வந்து படுத்திருந்ததை இராச் சாப்பாட்டு நேரம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கெட்ட எண்ணம் இல்லை, கவலையில் சொன்னது. அடுத்த நாள் பார்வையாளர் நேரம் ஊரில் பாதி, கையில் ஹோர்லிக்ஸ் போத்தலோடு வாட் வாசலில். அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் குடும்பம் வருத்தத்தை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை வராந்தாவில் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. ஊருக்கு வருவதென்றால், வீட்டில் "இன்றைக்கு ஆர் ஆர் வந்தவை?" என்று கேட்கும்போது "ஆக்கள் வந்தவை" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டு வாரும். குறிப்புப் புத்தகத்திலும் பெயர் வேண்டாம், உமக்கு மட்டும் விளங்குகிற ஒரு இலக்கம் போதும். உமக்குத் தெரிந்தவர் வந்தால், வேறு ஆள் பார்க்கட்டுமா என்று அவரிடம் முதலிலேயே கேட்டுவிடும். நான் மாணவி என்றும் சொல்லும். மறைத்தால் பிறகு அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

இடத்தைத் தீர்மானிக்க முதல் அங்கே பொறுப்பாக இருப்பவரோடு ஒருதரம் தொலைபேசியில் கதையும். ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர் என்று கேளும். நாலுக்கு மேலே என்றால் உம்மட கையை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். புதிதாக வருகிறவரை நானே முதலில் மதிப்பிட்டுவிட்டு உங்களுக்குச் சொல்லலாமா என்று கேளும். ஒரே நோயாளியை எனக்கே திரும்பத் தருவீர்களா என்று கேளும், இதை மட்டும் விட்டுவிடாதேயும். போன வருசம் அங்கே நின்ற அக்காமாரிடமும் கேட்கலாம். ஆனால் "நல்லா இருந்ததா?" என்று கேட்டால் "ஓம், நல்ல ஆக்கள்" என்றுதான் வரும். "நடுக்கிழமையில் ஒரு புதன்கிழமை, காலமை எட்டில் இருந்து பன்னிரண்டு வரைக்கும் என்ன செய்தீங்கள்?" என்று கேட்டால் உண்மை வரும். பதினொரு மணிவரை ஒரு கட்டிலடியில் நின்றேன் என்றால் நல்ல இடம். பதிவுப் புத்தகம் எழுதினேன், தேத்தண்ணி குடித்தேன் என்றால் உமக்கே விளங்கும்.

உமக்குப் பயமான பகுதி எது என்றும் ஒருக்கால் யோசியும். கேள்வியில் மூன்று இடம் எழுதியிருக்கிறீர், குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மூளைவாதப் பிள்ளைகளைப் பார்க்க மனம் தாங்காது என்று சொல்லுகிறவர்கள் பலர். ஊருக்கு வேலைக்கு வந்தால் அந்தப் பிள்ளையும் தாயும் உம்மட கதவடிக்குத்தான் வருவார்கள், அன்றைக்குப் பக்கத்தில் சொல்லித்தர ஆள் இருக்காது. இடமாற்றத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தனி ஆளாகப் போய் நிற்பது எங்கட வேலையில் சாதாரணம்.

வெளிநாட்டு யோசனை இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்லுகிறேன். இங்கிலாந்தில் பட்டம் முடிக்கிற பிள்ளையிடம் 1000 மணித்தியால நோயாளர் பயிற்சி எதிர்பார்க்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் வெளிநாட்டில் படித்தவர்களைச் சுவாச இதயப் பகுதி, தசை எலும்புப் பகுதி, நரம்பியல் பகுதி என்று மூன்றிலும் சோதிக்கிறார்கள். ஆகவே எந்தப் பகுதியில் எத்தனை மணித்தியாலம் என்று பிரித்து எழுதி, அந்தந்தக் கிழமையே கையெழுத்து வாங்கி வையும். ஐந்து வருசம் கழித்து இடமாற்றலாகிப்போன ஒருவரைத் தேடிப் பிடிப்பது பெரிய பாடு.

ஹெப்பற்றைற்றிஸ் பி ஊசி மூன்றும் போட்டு முடித்துவிட்டீரா? 0, 1, 6 மாதம் என்று போவதால் கடைசி நேரம் ஓடித்திரிய ஏலாது. பிடித்திருக்கிறதா என்ற இரத்தச் சோதனையும் மூன்றாவது ஊசிக்கு ஒன்றிரண்டு மாதத்தில் செய்துகொள்ளலாம்.

உமக்கு ஒரு இடம் சொல் என்றால்: நீர் எழுதியதில் இருந்து பார்த்தால் ஐசியூவில் ஏற்கெனவே மூன்று கிழமை நின்றிருக்கிறீர், வெளிநோயாளர் கிளினிக்கில் நின்றதே குறைவு. ஊருக்கு வாரும். ஆதார வைத்தியசாலை ஒன்றைக் கேளும், ஆறு கிழமையும் ஒரே இடமாக. மூன்று கிழமை அங்கே, மூன்று கிழமை இங்கே என்று பிரிக்கச் சொல்லுவார்கள்; பிரிக்கவேண்டாம், முதல் கிழமை எப்போதும் கதவு, கழிவறை, ஆட்களின் பெயர் என்று போய்விடும்.

திகதியையும் பாரும். நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும், அநேகமாக ஆவணியில். அந்த நாட்களில் கிளினிக்குக்கு வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். முழங்கால் ஏலாத ஐயா பிரதட்டைக்குப் போய்விட்டுக் கிழமை கழித்து வீங்கிய காலோடு வருவார். அதை நான் தடுத்துப் பார்த்திருக்கிறேன், சரிவரவில்லை. இப்போதெல்லாம் ஒரு மாதம் முதலே "இந்தமுறை போவீங்களோ?" என்று கேட்டு, அதற்கேற்ற மாதிரிப் பயிற்சியை மாற்றிக் கொடுக்கிறேன். உம்மட ஆறு கிழமை அதற்கு முன்னே விழுந்தால் நல்லம், தொடர்ந்து வருவார்கள்.

பீடத்தில் இருந்து பணிப்பாளருக்குப் போகிற கடிதத்தில், "வெளிநோயாளர் பிரிவில் குறைந்தது நாலைந்து நோயாளிகளைத் தொடர்ச்சியாகப் பார்க்க விரும்புகிறேன்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லும். எழுத்தில் இருந்தால் பிறகு கேட்க லேசு. பதில் வந்ததும் கிளினிக் எந்தெந்த நாள் என்று எனக்கு எழுதும். செவ்வாய், வெள்ளி என்றால் கிழமைக்கு இரண்டு முறை பார்ப்பீர், ஒரு நாள் மட்டும் என்றால் மற்ற நாட்களுக்கு வாட்டில் என்ன கேட்கலாம் என்று சொல்லுகிறேன்.